நீ படம் அனுப்பிய லைட்டை நான் வாங்கவில்லை

தம்பி,

நீ படம் அனுப்பிக் கேட்ட அந்த சோலார் லைட்டை நான் வாங்கவில்லை. வேறொன்று வாங்கி மாட்டியாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ எதையும் கடைசிவரை வாசிக்கிற ஆள் இல்லை. அது என்னிடமிருந்து வந்த பழக்கம். நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையையும் பாதியில் விட்டேன், குவைத்தையும் பாதியில் விட்டேன். இந்தக் கடிதத்தையாவது முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருப்பேன். உன் பெண்டாட்டி வாணியின் போனைத்தான் நீ எடுப்பதில்லை என்று நினைத்தால், இப்போது என் போனையும் எடுப்பதில்லை. அதனால் காகிதம். கொழும்புக்குப் போகிற மரக்கறி லொறியில் கொடுத்தனுப்புகிறேன். உன் ரூமில் நம் தோட்டத்துப் பையன்கள் இருக்கிறார்களே, அவர்களும் வாசிக்கட்டும். ஒளிக்க ஒன்றும் இல்லை. கட்டியவளை மலையில் விட்டுவிட்டு அங்கே பாய் விரித்துப் படுத்திருக்கிறவன் நீ ஒருவன் மட்டும் இல்லையே. நீயோ அடுத்ததாகக் கட்டாருக்கு ஏறப் போகிறாய். ஏறுவதற்கு முன்னால் இதை வாசித்துவிட்டு ஏறு.

நான் எதையும் சும்மா நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் மூட்டை பிரித்துத் தரம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மேலே பார்த்தால் பச்சைப் பசேலென்று போஞ்சி இருக்கும், அடியில் முற்றிப்போன நார். மேலே கழுவிய கரட், அடியில் மண். மூட்டை கொண்டுவருகிறவன் எவ்வளவு சிரிக்கிறானோ அவ்வளவு ஆழமாக நான் கையை விடுவேன். தோட்டத்துக்கு வேனில் மைக் கட்டிக்கொண்டு சாமான் விற்க வருகிறவனை வாசலில் ஏறவிட மாட்டேன். ஒன்று வாங்கினால் ஒன்று இனாம் என்றால் இரண்டும் உடைசல் என்று எடுத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவளிடம் ஒரு படத்தை அனுப்பி, "அம்மா, இதே மாதிரிதான் வேணும், வேற வேணாம், கதவப் பாத்து மாட்டுங்க" என்று நீ சொன்னால் எனக்கு முதலில் என்ன தோன்றும்? இவன் எதற்காக இவ்வளவு குறிப்பாகச் சொல்கிறான் என்றுதான் தோன்றும்.

லைட் வேண்டும் என்று நீ சொன்னது சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை. இந்தத் தனி வீட்டுக்குச் சாவி கொடுத்த நேரம் நீ கொழும்பில். இதுவரை ஒரு ராத்திரிகூட நீ இங்கே படுத்ததில்லை, அதனால் சொல்கிறேன். ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்தில் இருந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்துக்காரி நூறு வயசு சொல்வாள். இங்கே வீடு சரிவின் அடியில் இருக்கிறது. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில், அதுவும் காற்று நம் பக்கம் அடித்தால். பன்றி வந்து வாணி போட்ட வற்றாளைக் கிழங்குப் பாத்தியை உழுதுவிட்டுப் போய்விட்டது. கீழ்வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கியது என்கிறார்கள். நாய் வேறு எங்காவது ஓடியிருக்கும் என்பது என் கணக்கு, ஆனாலும் பயம் பயம்தான். அதனால் கடைக்குப் போனேன். மெயின் ரோட்டில் லைட், பேன், பேட்டரி விற்கிற முஸ்லிம் நானாவின் கடை. அவர் உன் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். மலர்ந்ததும் எனக்கு உஷார்.

"இதுவா தங்கச்சி? இது இப்ப நல்லா ஓடுற சாமான்."

"யாருக்கு ஓடுது?"

"வெளிநாட்டுல இருக்கிற புள்ளைகளுக்கு. லைட்டுக்குள்ளயே கேமரா இருக்கு, பாருங்க. சிம் ஒண்ட போட்டா அங்க இருந்தே இங்க வாசலப் பாக்கலாம். யாரும் வந்தா லைட் எரியும், அவருட போன்ல மணி அடிக்கும். யாரு வந்த, எப்ப வந்த, எவ்வளவு நேரம் நிண்ட, எல்லாம் படமா நிக்கும்."

"கள்ளன் வந்தா அங்க இருந்து என்னா செய்வாங்க? பிளேன் ஏறி வந்து புடிப்பாங்களா?"

அவர் சிரித்தார். பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கள்ளனுக்கு மட்டுமா வாங்குறாங்க."

பெட்டியை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவருடைய சிரிப்பு மட்டும் என்னோடு பஸ் ஏறி வந்தது. முதலில் அவரையே சந்தேகப்பட்டேன், விலை கூடிய சாமானைத் தள்ளப் பார்க்கிறார் என்று. பிறகு உன்னை. என்னைக் காவல் காக்கிறாயோ, அம்மா கடையை விட்டு எப்போது வருகிறாள் என்று பார்க்கிறாயோ என்று. பூனாகலைப் பாதையில் பஸ் திரும்பித் திரும்பி ஏறுகிறபோது என் புத்தியும் திரும்பியது. இவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் கதவைப் பார்த்து மாட்டு என்று ஏன் சொல்கிறான்? வாணியிடம் ஏதோ இருக்கிறது. கட்டிக்கொண்டு வந்து ஒரு வருடம் ஆகவில்லை, அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நல்லவள் மாதிரி இருக்கிறாள். போஞ்சியும் மேலே அப்படித்தான் இருக்கும்.

பார்க்கத் தொடங்கினால் எல்லாம் தப்பாகத்தான் தெரியும், தம்பி. வாணி பிள்ளைக் காம்பராவில் கொழுந்துக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வருவாள். முகம் கழுவுவாள், தலை பின்னுவாள். பொழுது சாய்கிற நேரம் போனை எடுத்துக்கொண்டு மேலே ரோட்டுப் பக்கம் போவாள். கையில் குடமும் இல்லை, விறகுக்குக் கயிறும் இல்லை. இருட்டிய பிறகு வருவாள். பாவாடை ஓரம் நனைந்திருக்கும், காலில் அட்டை கடித்த ரத்தம், கண் சிவந்து கிடக்கும். ஒருநாள் முழங்காலுக்குக் கீழே பெரிய கன்றல்.

"என்னா புள்ள, கால்ல?"

"விழுந்துட்டேன் அத்தை."

"எங்க?"

"சும்மா, பாதையில."

சும்மா என்று யாராவது சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. கதிரையைத் தூக்கி வாசலில் போட்டேன். அவள் போகும்போதும் வரும்போதும் நான் வாசலில்தான். எங்கே என்று வாய்விட்டுக் கேட்க மாட்டேன், பார்ப்பேன். கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "லைட்டு இன்னும் வாங்கலன்னு சொன்னீங்களே அத்தை. வாசல்ல ஒன்னு எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கு."

வாய் பார்த்தாயா. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் சந்தேகம் குறைந்துவிடுமே, அதனால் முகத்தை இறுக்கிக்கொண்டேன். அடுத்த நாள் அவள் போனதும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மாடசாமி கோயிலுக்கு மேலே ரோடு வளைகிற இடத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறதே, அதை இப்போது எல்லாரும் கவரேஜ் கல் என்கிறார்கள். லயத்தில் இருந்தவரைக்கும் நமக்கு அந்த இடம் தேவைப்படவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் கடைசித் தூண் பக்கம் நின்றால் போன் எடுக்கும். இந்தப் புது வீட்டில் ஒரு கோடும் வராது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, நான் பேச வேண்டியதைப் பகலில் பண்டாரவளையிலிருந்தே பேசிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டுத் தூங்குவேன். வாணி பகலில் பிள்ளைக் காம்பராவிலிருந்து உன்னோடு பேசிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். நீ வேலை முடிந்து போனைக் கையில் எடுப்பதே பொழுது சாய்ந்த பிறகுதான் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கல்லைச் சுற்றிச் சனம். சரிவுக்குக் கீழே வீடு கிடைத்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான். அந்த இடத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது, தம்பி. யார் போட்டதென்று தெரியாது, ஆனால் யாரும் மீறுவதில்லை. கட்டின ஆள் வெளியூரில் இருந்தால் மேல் கல், அங்கேதான் கோடு நன்றாக எடுக்கும். பிள்ளை வெளியூரில் என்றால் நடுக் கல். காதல் பேச வருகிறவன் கீழே, பாசி பிடித்த இடத்தில் வழுக்கி வழுக்கிப் பேச வேண்டியதுதான். நடுக் கல்லில் செல்லையா மாமா நின்றார். பென்ஷன் வாங்கிய டிரைவர், உனக்குத் தெரியும். ஓமானில் இருக்கிற மகளோடு கத்திக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டியான்னு கேட்டேன். சாப்ட்டியா? காசப் பத்தி நான் கேக்கல, நீயே ஏன் காசுக்குப் போறே?"

கீழே பையன்களோடு நின்ற கிரி, "மாமா, போன வச்சிட்டே பேசுங்க. ஓமானுக்கு நேராவே கேக்கும்" என்றான். அத்தனை பையன்களும் சிரித்தார்கள். நீ முன்பு போனில் கேட்டது இந்த மாதிரிச் சிரிப்பைத்தான். அப்போது எனக்குத் தெரியாது, பிறகுதான் புரிந்தது.

கிரி என்னைப் பார்த்துவிட்டான். "என்னா சின்னம்மா, இந்தப் பக்கம்?"

"ஆடு ஒன்னு காணோம்."

"நீங்க எப்ப ஆடு வாங்குனீங்க?"

 மேல் கல்லில் வாணி எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போன் காதில். வாய் அசையவில்லை. எடுத்துப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள், மறுபடி காதில் வைத்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது, தலையில் ஒன்றும் போடவில்லை. செல்லையா மாமா போனை மடியில் சொருகிவிட்டு என் பக்கம் வந்தார்.

"அந்தப் புள்ளயத் தேடித்தானே வந்தே? வருது, நிக்குது, போகுது. பேசி நாங்க பாத்து நாளாச்சு. ஒம் மவன் என்னா, போன வித்துப்புட்டானா?"

ஊர் முன்னால் எனக்கு விழுந்த அடி அது. உன் அடி, நான் வாங்கினேன்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. அந்தப் படிகளை நீ பார்த்ததில்லை. மண்ணை வெட்டிப் போட்ட படி, மழை வந்தால் சோப்பு. வாணி ஒரு கையில் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னைப் பிடித்துக்கொண்டாள். தினமும் இதில்தான் தனியாக இறங்குகிறாள். கன்றல் எங்கே வந்ததென்று இனிக் கேட்கத் தேவையில்லை.

"எப்ப இருந்து எடுக்கல?" என்று கேட்டேன்.

"கேமரா லைட்டு மாட்டுற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு அத்தை."

"என்னாத்துக்காம்?"

"ஆம்பளச் சத்தம் கேக்குதாம். வீட்டுல கவரேஜ் இல்ல, அதான் மேல வந்து பேசுறேன்னா நம்புறாரு இல்ல. லயத்துல இருந்துச்சே, புது வீட்டுல மட்டும் எப்படி இல்லாமப் போச்சுங்கிறாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே புள்ள."

"நீங்களும்தானே கதிரயப் போட்டு உக்காந்தீங்க."

 அடுத்த படியில் அவளே முதலில் காலை வைத்துப் பார்த்து என்னை இறக்கினாள். பிறகு அவளே சொன்னாள்: "அதயே வாங்கி மாட்டிருங்க அத்தை. பாக்கட்டும். பாத்தா நம்பிருவாரு." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

உனக்கு அந்தப் பால்மா டின் ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னவனாக இருக்கும்போது நம் காம்பராவின் பின்கதவில் தொங்கும். உள்ளே கூழாங்கல். நீ ஆட்டி ஆட்டி ஆடுவாய், அதை உன் விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருந்தாய். அது உன் அப்பா எனக்காகக் கட்டியது. நான் குவைத்திலிருந்து சொன்ன தவணைக்கு முன்பே திரும்பி வந்தேன் அல்லவா, ஏன் வந்தாள், எதற்கு வந்தாள் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். எனக்கு அங்கே வேலை செய்த வீடு பிடிக்கவில்லை, வந்தேன். அவ்வளவுதான் கதை. அதை ஒருத்தரும் வாங்கவில்லை. உன் அப்பா ஒன்றும் கேட்கவில்லை, டின்னைக் கட்டினார். "கள்ளன் வந்தா தெரியும்" என்றார். முன்னும் பின்னும் சனம் நிறைந்த லயத்தில் பின்கதவால் எந்தக் கள்ளன் வருவான்? விடியற்காலை தண்ணிக்குப் போகக் கதவைத் திறந்தால் டின் குலுங்கும், படுக்கையிலிருந்து அவர் இருமுவார். நீ முழித்துவிடுவாய் என்று ஒருநாள் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அன்றைக்குத்தான் பெரிய சண்டை. "சத்தமில்லாம எங்க போனே?" என்றார். சத்தம் வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம். அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. டின்னை அவிழ்த்துக் கோழிக்கூட்டில் கட்டினேன். "கள்ளன் இங்கதான் வருவான்" என்றேன். அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். கொஞ்ச நாளில் கூட்டுக்குக் கீரி வந்தது, டின் குலுங்கியது, லயமே தடியோடு ஓடி வந்தது. முதலில் சிரித்தது உன் அப்பாதான். பிறகு அவர் என்னை முழுதாக நம்பினாரா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் என் கதவில் அதன் பிறகு எதுவும் தொங்கவில்லை.

இதை வாணிக்கும் சொன்னேன். "டின்னக் கட்டுனவன் டின்னத்தான் கேப்பான் புள்ள. ஒன்னயக் கேக்க மாட்டான். அந்த லைட்ட நான் மாட்ட மாட்டேன்" என்றேன்.

மறுநாள் நானா கடைக்குப் போனேன். அவர் பழைய பெட்டியையே எடுத்தார். ஒரு விஷயம் கேட்டுவிடுவோம் என்று கேட்டேன், வீட்டில் கவரேஜ் இல்லாவிட்டால் இது என்ன செய்யும் என்று. அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"கவரேஜ் இல்லண்டா படம் போகாது தங்கச்சி. சும்மா எரியும், அவ்வளவுதான்."

"இத அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல்லையே."

கேட்டாயா தம்பி? நீ கேட்ட லைட்டையே நான் வாங்கி, நீ சொன்னபடி கதவைப் பார்த்து மாட்டியிருந்தால், உன் போனில் ஒரு படமும் வந்திருக்காது. அப்போது நீ என்ன நினைத்திருப்பாய்? கவரேஜ் இல்லை என்றா? அவள் கேமராவில் துணியைப் போட்டு மூடிவிட்டாள் என்று நினைத்திருப்பாய். எந்தக் காரணத்தால் உனக்குச் சந்தேகம் வந்ததோ, அதே காரணத்தால் அந்தக் கேமராவும் குருடு. மனைவி கவரேஜ் இல்லை என்று சொன்னால் நம்பாத நீ, கவரேஜ் இல்லாமல் ஓடாத சாமானை நம்பினாய்.

பிறகு நான் சாதா லைட்டுகளைப் பார்க்க உட்கார்ந்தேன். இதையும் எழுதுகிறேன், உன் ரூமில் யாராவது வீட்டுக்கு வாங்கினால் உதவும். பெட்டியில் முந்நூறு வாட் என்று போட்டிருந்தது, பேனல் என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. "இந்த அளவு பேனலுக்கு முந்நூறா?" என்றேன். "அது பெட்டியில போடுறது தங்கச்சி" என்றார். "அப்ப பெட்டிய நீங்க வச்சிக்கங்க, லைட்டப் பாப்போம்" என்றேன். பேனலும் லைட்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதை ஒதுக்கினேன். நம் பக்கம் லைட் வேண்டிய இடத்தில் வெயில் இருக்காது, வெயில் இருக்கிற இடத்தில் லைட் வேண்டியதில்லை. பேனல் தனியாக, நீள வயரோடு இருந்தால் அதைக் கூரையில் ஏற்றலாம். தூக்கிப் பார்த்தேன். காற்று மாதிரி இருந்தால் உள்ளே பேட்டரி என்று பெயருக்கு ஏதோ இருக்கிறது. பின்பக்கம் ஸ்க்ரூ இருக்கிறதா, பேட்டரி செத்தால் மாற்ற முடியுமா என்று திறக்கச் சொன்னேன். பேனலைக் கையால் பொத்தினால் எரிகிறதா, முன்னால் நடந்தால் கூடுகிறதா என்று கடைக்குள்ளேயே நடந்தேன். கண்ணாடி ஓரத்தில் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் நெம்பினேன், இல்லாவிட்டால் முதல் மழைக்கே உள்ளே குளம்.

நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பொண்ணு பாக்கப் போனாலும் இவ்வளவு பாக்க மாட்டாங்க."

"பொண்ண நான் சரியாத்தான் பாத்தேன் நானா. பையனத்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்காமலே சிரித்தார். கேரண்டி கார்டில் சீல் அடிக்காமல் கொடுத்தார், பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப் போய் அடித்து வாங்கினேன்.

மாட்டுவதற்குக் கம்பம் நட வேண்டியிருந்தது. கிரியும் இன்னொருவனும் வந்து குழி வெட்டினார்கள். நீ போனில் கேட்டுக் கொதித்துப்போன அதே ஆம்பளச் சத்தம்தான். அவர்கள் வேலை செய்து முடிக்கும்வரை நானும் பக்கத்திலேயே நின்றேன், கண் எங்கே போகிறதென்று பார்த்துக்கொண்டு. உன்னைக் குற்றவாளி ஆக்குவதற்காக அவர்களை நல்லவர்கள் என்று எழுதிவிட முடியுமா? பார்த்தேன். அவர்கள் கண் குழியிலும் வாணி போட்ட பிளேன்டீயிலும்தான் இருந்தது. பேனலைக் கூரையில் கிழக்குப் பக்கம் வைத்தோம். மத்தியானம் தாண்டினால் பனி மூடிவிடும், காலை வெயில்தான் நமக்குக் கணக்கு. மேற்கே சவுக்கு மரத்தின் நிழல் வேறு, அது தோட்டத்து மரம், கிளையைத் தொட்டால் துரை வரைக்கும் போகும். லைட்டை ராத்திரி முழுக்க எரிகிற மாதிரி வைக்கவில்லை. ஆள் வந்தால் மட்டும் எரிகிற மாதிரி வைத்தேன், இல்லாவிட்டால் பனி நாளில் பாதி ராத்திரிக்குள் படுத்துவிடும். முதல் நாள் நாய்க்கெல்லாம் எரிந்தது. லைட்டின் தலையைக் கொஞ்சம் குனிய வைத்ததும் சரியாகிவிட்டது.

கதவைப் பார்த்து மாட்டச் சொன்னாய். நான் அதைப் படிகளைப் பார்த்து மாட்டியிருக்கிறேன், கவரேஜ் கல்லிலிருந்து அவள் இறங்கி வருகிற படிகளை. பன்றி வந்தாலும் அந்தப் பக்கமாகத்தான் வரும், கள்ளன் வந்தாலும் அந்த வழிதான். கதவுக்குப் பூட்டு இருக்கிறது. விழுகிற இடம் படிதான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வாணி பையை அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். தெமோதரைக்கு, அவள் அம்மா வீட்டுக்குத்தான் இருக்கும். என்னிடம் சொல்லவில்லை, கூட்டும்போது விளக்குமாறு தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தேன், அது என் புத்தி. கல்யாணச் சேலையை எடுத்து வைக்கவில்லை. அதை அலுமாரியிலேயே விட்டிருக்கிறாள். திரும்பி வருவேன் என்பதற்காக விட்டாளா, இனி வேண்டாம் என்று விட்டாளா, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நான் தடுக்கப் போவதில்லை. நீ இப்படியே இருந்தால் அந்தப் பையை நானே தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் போய் பஸ் ஏற்றிவிடுவேன். நீ கட்டார் போய் எந்தப் போனில் எந்த வாசலைப் பார்ப்பாய் என்று அப்போது யோசித்துக்கொள். போவதற்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வா. வந்து இந்த வீட்டுக்குள் நின்று உன் போனைத் தூக்கிப் பிடி. மூலை மூலையாகப் பிடி, கூரையில் ஏறியும் பிடி. ஒரு கோடு வந்தால் நான் பொய்க்காரி.

அடுப்படியிலிருந்து அந்தப் படி தெரியாது. லைட் எரிந்தால் மட்டும் ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் விழும். வாணி மேலே போனதும் நான் ரொட்டிக்கு மாவு பிசைய உட்காருவேன். நேற்று மாவு ஒன்று சேர்வதற்குள் கண்ணாடி வெளுத்துவிட்டது, நீ எடுக்காததால் அவள் இறங்கி வந்துவிட்டாள். முந்தாநாளும் அப்படித்தான். ஆள் வந்த உடனே எரியும் என்று நானா சொல்லி விற்ற லைட், அவர் சொன்னபடியே எரிகிறது, அதில் ஒரு குறையும் பிடிக்க முடியவில்லை. லொறி நாளை விடியக் கொழும்பு வந்துவிடும். நாளைப் பின்னேரமும் அவள் போவாள். நான் மாவு பிசைந்து, ரொட்டி எல்லாவற்றையும் சுட்டு, சம்பலையும் இடித்து மூடி வைத்த பிறகு அந்தக் கண்ணாடி வெளுக்கட்டும். ரொட்டி ஆறிக் கல்லாகிப் போனாலும் பரவாயில்லை.

அம்மா